பழைய பென்ஸ்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியாவில் பூட்டி விற்ற முதல் வரிசை 1995-ல் வந்த இ-கிளாஸ். டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்து, ஜெர்மனியிலிருந்து பாகங்களைத் தருவித்துப் புனேயில் தயாரித்தார்கள். பெட்ரோலில் இ220, டீசலில் இ250டி. டபிள்யூ124 என்பது அந்த வரிசைக்குத் தொழிற்சாலை வைத்த பெயர். பழைய பென்ஸ்காரர்கள் ‘ஒன் ட்வென்டி ஃபோர்’ என்பார்கள். அன்று அந்த விலைக்குப் பல மாருதி 800 வாங்கியிருக்கலாம். இன்று அதே கார், சில வருஷம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக்கின் விலைக்கு விளம்பரத்தில் வருகிறது.

அந்த விலையைப் பார்த்து மனம் ஊசலாடுகிறவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். வாங்கவே கூடாது என்று சொல்வதற்காக எழுதவில்லை. விலை விழுந்தது காருக்கு மட்டும், அதன் உதிரிபாகப் பட்டியலுக்கு அல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டைச் சல்லிசாகப் பேசி முடித்துவிடலாம். ஓடு மாற்ற ஆள் கூப்பிட்டால் கூலி வீட்டின் அளவுக்குத்தான் வரும், நீங்கள் கொடுத்த விலையின் அளவுக்கு அல்ல.

புதுக் காரும் பணம் தின்கிறது

பழைய சொகுசுக் கார் வாங்கினால் திவால் என்று ஒரு கூட்டம் சொல்லும். காசு கொடுத்தால் ராஜபோகம் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருமே புதுக் காரின் கணக்கைப் பார்ப்பதில்லை.

கார் இன்சூரன்ஸில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போடுகிறார்கள் அல்லவா, அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. முதல் வருஷம் முடிவதற்குள் 15 சதவீதம் கழியும். மூன்றாம் வருஷத்தில் 30. ஐந்தாம் வருஷத்தில் 50. அதாவது 12 லட்ச ரூபாய்க்கு நீங்கள் எடுத்த புதுக் காரின் மதிப்பு, அந்த அட்டவணைப்படி, ஐந்து வருஷத்தில் 6 லட்சம். மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் காணாமல் போகிறது. ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பணம் போய்விட்டது. போனது தெரியாது, ஏனென்றால் யாரும் பில் கொடுப்பதில்லை.

நல்ல நிலையில் இருக்கும் டபிள்யூ124 இனிமேல் விழுவதற்கு அதிக விலை இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் வாங்கிய விலையை ஒட்டியே திரும்ப விற்கலாம். தேய்மானமாகப் போக வேண்டிய அந்தப் பத்தாயிரம் இங்கே ரிப்பேராகப் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், ரிப்பேர் மாதா மாதம் பத்தாயிரமாக வராது. எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒன்பதாம் மாதம் எண்பதாயிரமாக வந்து நிற்கும். அந்தத் தொகையைக் கடன் வாங்காமல் எடுத்து வைக்க முடிகிறவருக்கு இந்தக் கார் வீண் செலவு அல்ல. முடியாதவருக்கு, அது ஷெட்டில் தூசி மூடி நிற்கும். இந்த வகைக் கார்களில் பல, ரிப்பேர் பாதியில் நின்றுபோய், முடிக்கப் பணமில்லாமல் கைமாறுகிறவை. விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் மலிவு விலை பெரும்பாலும் அந்த நிறுத்தத்தின் விலைதான்.

ஏன் இந்த மோகம்

புரூனோ சாக்கோ தலைமையில் வரையப்பட்ட உடல் அது. 1984 கடைசியில் உலகத்துக்குக் காட்டினார்கள். 25 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். அதில் கணிசமானவை ஜெர்மனியில் டாக்சியாக ஓடியவை என்பதை மறக்க வேண்டாம். நாம் சொகுசு என்று பார்ப்பதை அவர்கள் உழைப்பாளி என்று பார்த்தார்கள். கதவைச் சாத்தினால் வரும் கனத்த ஓசை, ஸ்பிரிங் வைத்த சீட், மழையில் கண்ணாடியின் 86 சதவீதத்தைத் துடைக்கும் ஒற்றை வைப்பர் என்று பேசப்படும் சமாச்சாரங்கள் எல்லாம் உண்மைதான். அந்த வைப்பர் நேர் வட்டத்தில் சுழலாது. மூலைக்கு வரும்போது கை நீண்டு, நடுவில் சுருங்கும். நின்று பார்க்கலாம்.

ஓட்டும்போது தெரிவது வேறு. பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்திருக்கின்றன. 1982-ல் வந்த சின்ன பென்ஸான 190-ல் முதலில் பொருத்திய அமைப்பு இது. திண்டிவனம் தாண்டி நேர் சாலையில் போகும்போது கார் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும்; அதே சமயம் குழியில் இறங்கினால் முதுகுக்குத் தெரியாது. இன்றைய பல புதுக் கார்களில் இது இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. திரை இல்லை, எச்சரிக்கை மணி இல்லை, ஸ்டியரிங் கொஞ்சம் சோம்பல். சிலருக்கு இந்த அமைதிக்காகவே எவ்வளவு செலவானாலும் தகும்.

எந்தக் காரை விட்டுவிட வேண்டும்

பழைய சொகுசுக் கார் பார்க்கும்போது பேட்ஜைப் பார்க்காதீர்கள். அதன் ஒவ்வொரு வசதியும் எதன் மேல் நிற்கிறது என்று கேளுங்கள். இரும்பு ஸ்பிரிங்கின் மேலா, காற்றின் மேலா, எண்ணெய் அழுத்தத்தின் மேலா, கம்ப்யூட்டரின் மேலா?

ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ நல்ல உதாரணம். 1965 முதல் 1980 வரை வந்தது. இங்கிலாந்தில் ஆசைப்பட்டு வாங்கி அவதிப்பட்டவர்கள் ஏராளம். பிரேக்குக்கும் காரின் மட்டத்தைச் சமன்படுத்தவும் சித்ரோன் நிறுவனத்தின் உரிமம் பெற்று உயர் அழுத்த ஹைட்ராலிக் அமைப்பை வைத்தார்கள். வெளியே வால்நட் மரமும் தோலும் எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே அந்தக் குழாய்களையும் உருண்டைகளையும் கவனிக்காமல் விட்டிருந்தால் முதலில் போவது பிரேக். அந்த வேலை தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்.

நம் ஊரில் அதே பொறி வேறு உருவில் இருக்கிறது. 1998-க்குப் பின் வந்த எஸ்-கிளாஸ், டபிள்யூ220, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். இ220-க்குக் கொஞ்சம் மேலே போட்டால் கிடைத்துவிடும். அது ஏர்மேட்டிக் எனும் காற்றுப் பைகளின் மேல் நிற்கிறது. பை கிழிந்தால் காலையில் கார் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் கம்ப்ரஸரும் போகும். பின்னால் வந்த இ-கிளாஸான டபிள்யூ211-ன் முதல் சில ஆண்டுக் கார்களில் பிரேக்கை எஸ்.பி.சி. என்ற மின் அமைப்பு இயக்கியது. 2004, 2005-ல் உலகம் முழுக்கப் பெரிய ரீகால். 2006-ல் நிறுவனமே அதைக் கைவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பியது. அந்தக் காலத்து பி.எம்.டபிள்யூ 7 சீரிஸின் வி8 எஞ்சினில், நடுவே ஓடும் ஒரு கூலன்ட் குழாய் கசியும். குழாய் விலை பெரிதல்ல. அதை எட்ட எஞ்சினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். உதிரியின் விலையைவிட, அதைத் தொடுவதற்கு ஆகும் கூலிதான் இந்தக் கார்களில் ஆளைக் கொல்லும்.

டபிள்யூ124 இங்கேதான் தப்பிக்கிறது. சாதாரண செடானில் நான்கு பக்கமும் இரும்பு ஸ்பிரிங். பிரேக் பழைய பாணி ஹைட்ராலிக். டயர் 195/65 ஆர்15, எந்த டயர் கடையிலும் கிடைக்கும் அளவு. பாகங்கள் இன்றும் உற்பத்தியாகின்றன. போஷ், லெம்ஃபர்டர், சாக்ஸ் என்று தொழிற்சாலைக்கே சப்ளை செய்த கம்பெனிகளின் பெட்டியில் வாங்கினால் பென்ஸ் முத்திரைக்கான விலை கொடுக்க வேண்டியதில்லை. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியது, புதுப்பேட்டையில் பழையது. கண்ணாடி, பம்பர், விளக்கு போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை போதும். ரப்பர், பிரேக், ஸ்டியரிங் தொடர்பான எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது

முந்தின நாளே போன் செய்து, நான் வந்த பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கேயே சந்தேகம். குளிர்ந்த எஞ்சினில்தான் டீசலின் குளோ பிளக் கோளாறும், வால்வுப் பக்கத்துப் புகையும் தெரியும்.

பெட்ரோல் இ220-ல் முதலில் வயரிங் பாருங்கள். 1990-களின் முதல் பாதியில், மண்ணில் மக்கும்படியான ஒரு பூச்சை எஞ்சின் வயர்களுக்குப் போட்டார்கள். நல்லெண்ணம்தான். எஞ்சின் சூட்டில் அந்தப் பூச்சு பொரிந்து, தொட்டால் உதிரும். உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் எஞ்சின் திணறும், நிற்கும், கம்ப்யூட்டரும் கருகலாம். ஒரு கனெக்டர் அருகே உறையைச் சற்றே விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழு ஹார்னஸும் மாற்றப்பட்டிருந்தால் பில் இருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது.

டீசலில் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் திகைக்க வேண்டாம். இந்த டீசலை நிறுத்துவது மின்சாரம் அல்ல, வேக்குவம். எங்கோ குழாய் கசிகிறது என்று பொருள். சென்ட்ரல் லாக் இதில் சேராது, அதற்குத் தனி மின் பம்ப். குழாய் கசிவு சின்னச் செலவு. ஆனால் எஞ்சின் முன்பக்கம் இருக்கும் வேக்குவம் பம்ப்பின் பேரிங் உடைந்தால், துண்டுகள் டைமிங் செயினுக்குள் விழுந்து எஞ்சினையே முடித்துவிடும். பம்ப்பை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்றால் வாங்கியவுடன் மாற்றிவிடுவதே நல்லது.

பின்பக்கத்து ஐந்து கைகளைப் பற்றிச் சொன்னேனே, இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து. ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் புஷ். நம் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அவை நீண்ட நாள் தாங்காது. மெதுவாக ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிக் கேளுங்கள். ‘டொக்’ என்று ஒரு ஓசைக்கு ஒரு புஷ் என்று கணக்குப் போட முடியாது; ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயசுதான்.

ஓடிய கிலோமீட்டரை நம்பாதீர்கள். இந்த வரிசையில் ஓடோமீட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து நின்றுபோவது சகஜம். ஸ்டியரிங் வழுவழுப்பும் பிரேக் பெடல் ரப்பரும் எண்ணைவிட உண்மை பேசும்.

துருவைத் தேட வேண்டிய இடங்கள்: கதவுகளின் கீழ்ப்பகுதியை மூடிய பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால், ஜாக்கி வைக்கும் நான்கு இடங்கள், பாட்டரித் தட்டு, டிக்கியின் தரை. கடற்கரையோரம் நின்ற கார் என்றால் இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெயின்ட் புதிதாக மின்னினால் மகிழாதீர்கள். டிங்கரிங் முடித்து பெயின்ட் அடித்த துரு, இரண்டு மழைக்காலம் கழித்துத் திரும்பி வரும்.

சென்னைப் பதிவு எண் என்றால் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவில் இருக்கட்டும். வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் துடைத்துச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து நுனியைப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே எளிதில் போகாது. கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

அப்புறம் ஏசி. “கேஸ் மட்டும் போட்டா போதும் சார், ஐஸ் மாதிரி வரும்” என்பார் விற்பவர். கேஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவரே போட்டு, விலையில் இன்னும் இருபதாயிரம் ஏற்றிக் கேட்டிருப்பார். உள்ளே எவாப்பரேட்டர் கசிந்தால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அது பல நாள் வேலை. ஏசி ஓடாத காரை, எவாப்பரேட்டர் போன கார் என்று வைத்தே விலை பேசுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் ஒளிந்திருக்கும் செலவு

இந்தப் பகுதியை அவசரமாகப் புரட்டாதீர்கள். எஞ்சின் கோளாறுக்கு மருந்து உண்டு, காகிதக் கோளாறுக்குச் சில சமயம் இல்லை.

தனியார் காரின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, 20 வருஷம் தாண்டிய வாகனங்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை ஏற்றியது. சாதாரண காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதியான நான்கு சக்கர வாகனத்துக்கு 80,000. ஜி.எஸ்.டி. தனி. டபிள்யூ124 எல்லாமே 20 வயது தாண்டியவை. எனவே புனேயில் பூட்டிய காரா, வெளிநாட்டிலிருந்து முழுதாக வந்திறங்கிய காரா என்பது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 70,000 ரூபாய் வித்தியாசம். ஆர்.சி.யில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பழைய வாகனத்துக்குப் பசுமை வரியும் உண்டு.

‘வின்டேஜ்’ என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் நிலை மாறாத வாகனத்துக்குத்தான் அந்தத் தனிப் பதிவு. 1995 கார் அதற்குள் வராது.

வெளிமாநில எண் என்றால் இன்னும் கவனம். டெல்லி வட்டாரத்தில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று வயது வரம்பு வைத்து, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கும் தளர்வும் இன்னும் நடக்கின்றன. அதனால் அங்கே விலை சரிந்த கார்கள் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி. கைக்கு வந்ததா, பழைய கடன் பதிவு நீக்கப்பட்டதா, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எவ்வளவு என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டபின் விலை பேசுங்கள். இறக்குமதிக் காருக்குச் சுங்க வரி கட்டிய ரசீதும் வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் ‘நும்கோர்’ என்ற பெயரில் சுங்கத் துறை நடத்திய சோதனையில், பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்டவை என்ற சந்தேகத்தில் சொகுசுக் கார்கள் பறிமுதலாயின. இப்படிப் பறிமுதலானால் அவதி கடைசியாக வாங்கியவருக்குத்தான்.

வருஷத்துக்கு எவ்வளவு

1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022-ல் அறிவித்த கட்டணப்படி, வருஷத்துக்கு 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கும் பாலிசி எடுத்தால், இவ்வளவு பழைய காரின் ஐ.டி.வி.யை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல போட்டோக்களும் பில்களும் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

இ220 நகரத்தில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே நல்லது. வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் 625 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 62,500. இதோடு எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலையும் யோசியுங்கள். அந்தக் காலத்து எரிபொருள் குழாய்களின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல, இற்றுப்போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டாங்க் துருப்பிடிக்கும். வாங்கிய வாரமே டாங்க் முதல் எஞ்சின் வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால், அதன்பின் இந்தப் புத்தகத்தில் உங்களுக்கு எந்த அத்தியாயமும் பயன்படாது.

முதல் வருஷச் செலவு தனி. பழைய ஓனர் தள்ளிப்போட்டதெல்லாம் உங்கள் தலையில் விழும்: எல்லா ஆயில்களும், கூலன்ட், பெல்ட், ஹோஸ், பாட்டரி, டயர், புஷ், எஞ்சின் மவுன்ட். கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். ஆறு லட்சம் இருந்தால் நான்கு லட்சத்துக்குக் கார். மீதி இரண்டு லட்சம் முதல் வருஷத்தில் கரையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு லட்சத்துக்கு எல்லா வேலையும் முடித்த கார், பில்லோடு கிடைத்தால் அதையே எடுங்கள். விற்பவர் போட்ட பணம் முழுவதும் அவருக்கு ஒருபோதும் திரும்பாது, அந்த நஷ்டம் உங்கள் லாபம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரை நம்பி இந்தக் காரை வாங்க வேண்டாம். இந்த வயசு வண்டியில் கைவைத்த ஆட்கள் அங்கே குறைந்துகொண்டே வருகிறார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கை முதலில் தேடுங்கள். வேறு ஓனர்களிடம் கேட்டால் நாலு பேரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். காரைப் பார்க்கப் போகும்போது அவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

என் தேர்வை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் புனேயில் பூட்டிய இ250டி, மேனுவல் கியர்: வேகம் எடுக்க நேரமாகும், ஆனால் டீசல் எஞ்சினில் கம்ப்யூட்டர் தொல்லை குறைவு. அடுத்து, வயரிங் ஹார்னஸ் மாற்றிய பில்லோடு இ220. இரண்டுமே வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் மட்டும். தினமும் ஆபீஸ் போக இருக்கும் ஒரே காராக வாங்குவதென்றால், அதே பணத்தில் நல்ல பழைய ஹோண்டா சிட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.